முகத்துக்கு ஏற்ற மொழி

ரோஸலின் சீன மொழி வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் அவளுடைய அம்மாதான். இளங்கலை இரண்டாம் ஆண்டில் எல்லோரும் ஏதாவது ஓர் அயல்மொழித் தாள் எடுத்தாக வேண்டும் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. ரோஸலின் பிரெஞ்சு எடுக்கலாம் என்றிருந்தாள். கல்கத்தாவின் சீனர் பேட்டையான டாங்ராவில் தன் அழகு நிலையத்தில் ஒரு மார்வாடி அம்மாளின் தலைக்கு மருதாணி பூசிக்கொண்டிருந்த அம்மா, கையை நிறுத்தாமலே, சும்மா கிடைக்கிற மார்க்கை விட்டுவிட்டு யாராவது பிரெஞ்சு படிப்பார்களா என்று கேட்டாள். நாற்காலியில் இருந்த மார்வாடி அம்மாளும் அதையே சொன்னாள். சீனாக்காரப் பெண்ணுக்குச் சீனம் படிக்க என்ன கஷ்டம்?

கஷ்டம் என்னவென்றால், அந்த வீட்டில் யாருக்கும் சீனம் தெரியாது. அதாவது, பல்கலைக்கழகங்கள் சீனம் என்று சொல்கிற மாண்டரின் தெரியாது. அவர்கள் பேசியது ஹக்கா. வங்காளத்துக்கும் குஜராத்திக்கும் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் இதற்கும் அதற்கும். நான்கு தலைமுறையாக டாங்ராவின் தோல் பதனிடும் கொட்டகைகளுக்குள்ளேயே புழங்கியதில் அந்த ஹக்காவும் நன்றாக ஊறிப்போய் வேறொரு பதத்துக்கு வந்திருந்தது. அம்மா சின்ன வயதில் போன சீனப் பள்ளிக்கூடம் அவள் எழுத்துக் கூட்டத் தொடங்குவதற்குள் பிள்ளைகள் இல்லாமல் மூடப்பட்டுவிட்டது. ரோஸலின் படித்தது கன்னிமாடத்துப் பள்ளியில். ஆங்கிலமும் வங்காளமும் தண்ணீர்பட்ட பாடு. சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனாலும் அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்கும் பட்டது. பார்க்கிறவர்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிற ஒன்றை எப்போதாவது கற்றுக்கொண்டுவிட்டால் தொல்லை விட்டதல்லவா?

சீனத் துறையின் தலைவர் பேராசிரியர் ஹிரண்மய் நியோகி. எல்லையில் ஏதாவது உரசல் என்றால் அன்று மாலை தொலைக்காட்சியில் அவரைப் பார்க்கலாம். எண்பதுகளில் பீஜிங்கில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர். அங்கே வாங்கிய பித்தான் வைத்த கழுத்துப்பட்டைச் சட்டையைப் போலவே உள்ளூர்த் தையல்காரரிடம் அரை டஜன் தைத்து வைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்க அதைத்தான் போடுவார். கையில் எப்போதும் பச்சைத் தேநீர் நிரப்பிய பிளாஸ்க். மற்றவர்கள் பாலும் சர்க்கரையும் போட்டுக் குடிப்பதைப் பார்த்தால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் பெயரில் வந்து நின்றார். ஆங்கிலத்தில் என், ஜி என்று இரண்டே எழுத்து, அப்புறம் ரோஸலின்.

"இது என்னம்மா, இனிஷியலா?"

"இல்ல ஸார். குடும்பப் பேரு. ங்."

"என்னது?"

"ங்."

பின்பெஞ்சுகள் சிரித்தன. அது ரோஸலினுக்குப் பழக்கம்தான். வங்கியில் அவளை என்.ஜி. என்பார்கள், பள்ளியில் நாக் என்று ஓர் ஆசிரியை பிடிவாதமாக வங்காளிப் பெயராகவே மாற்றி வைத்திருந்தார். நாக்கின் அடியைத் தூக்கி மூக்கால் ஒரு மூச்சு விட்டால் தீர்ந்துபோகிற பெயர். அதற்குப் போய் இவ்வளவு பாடு.

நியோகி சிரிக்கவில்லை. அவர் முகத்தில் பரிவு தெரிந்தது.

"அது பட்டிக்காட்டு உச்சரிப்பும்மா. வாய்வழியாவே வந்து வந்து தேஞ்சுபோச்சு. உன் பேரு வூ. ரெண்டாவது தொனி. கீழேயிருந்து மேல ஏறணும். எங்க, சொல்லு பாப்போம்."

அவள் சொன்னாள். ஏறவில்லை என்றார். மறுபடி சொன்னாள். இப்போது ரொம்ப ஏறிவிட்டது. வகுப்பு முழுவதையும் சொல்லச் சொன்னார். முப்பது வங்காளிப் பிள்ளைகள் அவளுடைய குடும்பப் பெயரைக் கீழிருந்து மேலே தூக்கிப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த பிதிஷா மைத்ரா என்ற பெண் அதைக் குயில் மாதிரி கூவினாள்.

"கேட்டியா?" என்றார் நியோகி ரோஸலினிடம். "அதுதான் நீ."

தன்னைத் தன்னைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்த அந்தப் பெண்ணை ரோஸலின் திரும்பிப் பார்த்தாள். பிதிஷா தோளைக் குலுக்கி, என்மேல் தப்பில்லை என்பதுபோல் கையை விரித்தாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள். பதிவேட்டில் பெயரை அடித்து வூ என்று திருத்தி எழுதினார் நியோகி.

அப்புறம் அவளை முன்பெஞ்சுக்கு மாற்றினார். நம் வகுப்புக்கு ஓர் அசல் கிடைத்திருக்கிறது என்று எல்லோருக்கும் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, அப்படித்தானேம்மா என்பார். அவள் தலையாட்டுவாள். வேறென்ன செய்வது? அந்த வாக்கியத்தை அவளும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள். ஆனால் அவள் தலையாட்டும்போதெல்லாம் அவர் முகம் மலர்வதைப் பார்த்து, பெரியவரின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தியே ஆட்டத் தொடங்கினாள். இப்படியே பூஜை விடுமுறை வரைக்கும் போனது. விடுமுறை முடிந்து வந்ததும் சொல்வதெழுதுதல் தேர்வு வைத்தார். பிதிஷா முதலிடம். ரோஸலின் கடைசியிலிருந்து நான்காவது.

விடைத்தாளைக் கொடுக்கும்போது அவர் அவளைப் பார்க்கவே இல்லை. மதியம் அறைக்கு வா என்று மட்டும் சொன்னார்.

அவர் அறையில் மூங்கில் ஓவியம், காகித விளக்கு, ஒரு பெருஞ்சுவர் புகைப்படம் எல்லாம் இருந்தன. டாங்ராவில் எந்த வீட்டிலும் இவ்வளவு சீனாவை ஒரே இடத்தில் ரோஸலின் பார்த்ததில்லை. உட்காரச் சொல்லி, பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கசந்தது. சர்க்கரை கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

இத்தனை நாளாகத் தன்னை அவள் ஏமாற்றிவிட்டதாக முதலில் குறைபட்டுக்கொண்டார். மாண்டரின் தெரியாது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்கவே இல்லையே என்று அவள் சொல்ல, கேட்க வேண்டுமா என்ன என்பதுபோல் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வைத்தார். போனது போகட்டும், அவளால் வேறு வகையில் உபயோகம் உண்டு என்றார். ஹக்காவில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒலிகள் அப்படியே இருக்கின்றனவாம். பெட்டியில் பூட்டிவைத்த பொக்கிஷம். கதவு, சோறு, நிலா என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிப் பதிந்துகொண்டார். அவள் சோறு என்றபோது கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுப் பழக்கவழக்கங்களுக்கு வந்தபோதுதான் அவருக்குத் தலைவலி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்ன சமையல் என்று கேட்டார். வங்காளி வீடுகளைப்போல ருயி மீன் குழம்பும் சோறும். இறந்தவர்களுக்குக் காகிதம் எரிப்பார்களா என்றார். எரிப்பார்கள், அதோடு மாதா கோவிலில் பூசையும் வைப்பார்கள், காளி பூஜையன்று தெருமுனைப் பந்தலுக்கு அப்பாதான் வசூல் பொறுப்பு. டிராகன் நடனம்? அவளுக்கு ஆடத் தெரியாது. அண்ணன் கால்பந்து ஆடுவான். ஈஸ்ட் பெங்கால் தோற்றால் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

"எல்லாத்தையும் தொலைச்சுட்டீங்களேம்மா," என்றார் நியோகி. நிஜமாகவே வருந்தினார். "சரி, திரும்பிப் போற யோசனை எப்போ?"

"இப்பவேதான் ஸார். அஞ்சு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் கூட்டமாயிடும்."

"பஸ்ஸா? நான் ஊருக்குத் திரும்பிப் போறதைக் கேட்டேன்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது காது சூடானது. கொள்ளுத்தாத்தா கப்பல் இறங்கியபோது இந்தப் பல்கலைக்கழகத்தின் பாதிக் கட்டடங்கள் கட்டப்படவே இல்லை என்று அப்பா சொல்வது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல், மரியாதைக்காகக் கேட்பதுபோல், ஸாருக்கு எந்த ஊர் என்று கேட்டாள்.

"எங்களுக்குக் கிழக்கு வங்காளத்துல பாரிசால்," என்றார். குரல் இளகிவிட்டது. "ஆத்தங்கரை வீடு. பாக்கு மரம், ரெண்டு குளம். நாட்டைப் பிரிச்சப்ப எங்கப்பா எல்லாத்தையும் விட்டுட்டு ஓடிவந்தார்."

"நீங்க பாத்திருக்கீங்களா ஸார்?"

"நான் பொறந்தது இங்க, ஜாதவ்பூர்ல."

"அப்போ நீங்க எப்போ திரும்பிப் போறீங்க?"

நியோகி பிளாஸ்கின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. "அது வேற," என்றார்.

எப்படி வேறு என்று அவர் விளக்கவில்லை. கருவி ஓடிக்கொண்டே இருந்தது. பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, நல்லதாக ஒன்று கிடைக்கும் என்று நம்பிக் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். அறுபத்திரண்டு சீனப் போரின்போது அவள் குடும்பம் எந்தப் பக்கம் இருந்தது?

"தாத்தா செருப்புக் கடையில இருந்தார் ஸார்," என்றாள் ரோஸலின். "அங்கயிருந்துதான் போலீஸ் கூட்டிட்டுப் போனாங்க. ராஜஸ்தான்ல சிறை முகாம். திரும்பி வந்தப்ப கடையில வேற ஆளு உக்காந்திருந்தான். அந்த ஆளுகிட்டயே வேலைக்குச் சேந்துட்டார்."

நியோகி ம் என்றார். அப்புறம் கருவியை அவள் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்து, இதையே ஹக்காவில் ஒருமுறை சொல்ல முடியுமா என்று கேட்டார். ரோஸலின் எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அம்மா முதலில் கேட்டது, கைரேகை எடுத்தானா என்பதுதான். ஆண்டுதோறும் போலீஸ் அலுவலகத்துக்குப் போய் இன்னும் நான் இங்கேதான் இருக்கிறேன் என்று பதிந்துவிட்டு வந்த தலைமுறை அவள். எப்போது வந்தாய், எப்போது போவாய், வீட்டில் என்ன பேசுவாய் என்று கேட்கிற எவனும் அவள் கணக்கில் போலீஸ்தான். அவர் பேராசிரியர், நல்லவர்தான் என்று ரோஸலின் சொல்லிப் பார்த்தாள்.

"போலீஸ்காரன்கூட டீக்கு சக்கரை போட்டுக் குடுத்தான்டி," என்றாள் அம்மா.

குளிர் நன்றாக விழுந்த பிறகு சீனாவிலிருந்து ஒரு பல்கலைக்கழகக் குழு வருவதாகச் செய்தி வந்தது. துறையே அமர்க்களப்பட்டது. வாசலில் கோலம், மேடையில் காகிதச் சாமந்தி, துணைவேந்தர் வருகை. நியோகி ரோஸலினை மறுபடி கூப்பிட்டார். மதிப்பெண் விஷயத்தை மறந்துவிட்டதுபோல் இனிமையாகப் பேசினார். விருந்தினருக்குப் பூச்செண்டு கொடுத்து, அவர் எழுதித் தரும் வரவேற்புரையை அவள் மாண்டரினில் வாசிக்க வேண்டும். சீன அன்னையின் மகளாகிய நான் என்று தொடங்கியது அந்த உரை. பிதிஷாதானே நன்றாகப் பேசுகிறாள், அவளை வாசிக்கச் சொல்லுங்களேன் என்று ரோஸலின் கேட்டதற்கு, பிதிஷா வாசித்தால் அது வெறும் உச்சரிப்பு, நீ வாசித்தால் அது வரலாறு என்றார். பிதிஷாவுக்கு இது தெரிந்தபோது இரண்டு நாள் வரலாறு, வரலாறு என்றே இவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

உரையைவிடப் பெரிய தொல்லை உடை. சிவப்புப் பட்டில் சீன உடை போட்டு வரச் சொல்லியிருந்தார். அப்படி ஒன்று அந்த வீட்டில் கிடையாது. அம்மா கல்யாணத்துக்கு வெள்ளை கவுன் போட்டவள். டாங்ரா முழுக்க விசாரித்ததில் ஒரே ஓர் இடத்தில் கிடைத்தது. பெரிய சாலையில் இருக்கிற உணவகத்தில், வாசலில் நின்று வணக்கம் சொல்லி உள்ளே அழைக்கிற பெண்ணின் சீருடை. அந்தப் பெண் டார்ஜிலிங்கிலிருந்து வந்த நேபாளி. சீனப் பெண் மாதிரியே இருப்பதால் வேலை கொடுத்திருந்தார்கள். ஒருநாளைக்குத்தானே, எடுத்துக்கோ தீதி என்று அவள் தாராளமாகக் கழற்றிக் கொடுத்தாள். இடுப்பில் பிடித்தது. முதுகில் தங்க டிராகன். துவைத்துப் போட்ட பிறகும் மிளகாய்க் கோழி வாசம் போகவில்லை.

விழா நாளன்று குழுவில் வந்த மூவரையும் பார்த்து ரோஸலினுக்குச் சங்கடமாகிவிட்டது. இரண்டு ஆண்கள் ஜீன்ஸும் ஸ்வெட்டரும். தலைமைப் பேராசிரியை சியே, ஐம்பதைத் தாண்டிய குட்டையான பெண்மணி, சாம்பல் நிறக் கால்சட்டையும் கம்பளிக் கோட்டும் போட்டிருந்தார். அந்த மண்டபத்தில் சீன உடை அணிந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ரோஸலின், இன்னொருவர் நியோகி.

நியோகி மாண்டரினில் நீளமாகப் பேசினார். விருந்தினர்கள் புன்னகையோடு கவனித்துக் கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ கேட்க, அவர் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினார். துணைவேந்தர் பெருமையோடு தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

பேராசிரியை சியேவின் முகத்தில்தான் ஏதோ சரியில்லை. காலையில் அவருக்குக் கல்கத்தா உபசாரமாகக் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும், அதற்கு மேல் வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பும் கொடுத்திருந்தார்கள். மறுக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டிருந்தார். வரவேற்புரைக்கு முன் ரோஸலின் பூச்செண்டை நீட்டிக் குனிந்தபோது அவர் நெற்றியில் வேர்வை. ஐயோ, வயிறே, என்று தனக்குத்தானே முனகினார். அதை மாண்டரினில் முனகவில்லை. தென்சீனத்து மொய்யான் பக்கத்து ஹக்காவில், அப்படியே ரோஸலின் அம்மா முனகுகிற மாதிரி முனகினார்.

ரோஸலின் யோசிக்கவே இல்லை. கக்கூஸ் மேடைக்குப் பின்னாலதான் இருக்கு அத்தை, உள்ள சிட்கினி சரியில்ல, நான் வெளிய நிக்கிறேன் என்று அதே மொழியில் சொல்லிவிட்டாள்.

சியே பூச்செண்டைப் பிடிப்பதற்குப் பதில் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மடை திறந்ததுபோல் வந்தது பேச்சு. நீ நம்ம ஆளா, இங்கே எப்படி, நான் உன்னை ஏதோ ஹோட்டல்காரப் பெண் என்று நினைத்தேன், அந்த உப்பின பூரிக்குள்ளே என்ன வைக்கிறார்கள், எல்லாம் இனிப்பாகவே இருக்கிறதே, இந்த மனுஷன் விழாவை எப்போது முடிப்பான். மைக் அருகிலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. சியேவின் கண் கலங்கியிருந்தது, அது வயிற்று வலியால். ரோஸலினும் கண்ணைத் துடைத்தாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

துணைவேந்தர் நியோகியின் பக்கம் சாய்ந்து, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். ஒரு கணம் நியோகியின் முகத்தில் எதுவுமே இல்லை. அடுத்த கணம் அவர் மைக் முன் நின்றார்.

நண்பர்களே, என்று வங்காளத்தில் தொடங்கினார். இரண்டு தொன்மையான நாகரிகங்களின் பந்தத்தைப் பற்றி நம் விருந்தினர் மனம் உருகிப் பேசுகிறார். தொலைந்துபோன மகளைத் தாய் கண்டெடுத்த தருணம் இது என்கிறார். கங்கையின் நீரும் யாங்சியின் நீரும் இன்று ஒன்றாகக் கலந்துவிட்டன என்கிறார்.

நீர் என்ற சொல் வந்த நேரத்தில் சியே ரோஸலினை இழுத்துக்கொண்டு மேடையை விட்டு விரைந்து இறங்கினார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முதல் வரிசையில் ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் உருகி நின்ற அந்தக் கூட்டத்தில் பிதிஷா மட்டும் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

கழிவறை வாசலில் ரோஸலின் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தபோது நியோகி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. அங்கும் இங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க என்னம்மா சொன்னாங்க?"

"நீங்கதானே ஸார் மைக்ல சொன்னீங்க."

அவள் கொஞ்சம் காக்கவைத்தாள். பிறகு சொன்னாள்.

"வயித்துப்போக்கு ஸார்."

நியோகி சுவரில் சாய்ந்துகொண்டார். அது என்ன மொழி என்று கேட்டார், கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது அவருக்கு. அவளை உட்காரவைத்துக் கண்ணை மூடிக் கேட்டு ரசித்த, ஆயிரம் ஆண்டுப் பொக்கிஷம். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ரோஸலினுக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தில், மாண்டரினாக இருந்திருந்தாலும் உங்களுக்குப் புரிந்திருக்குமா என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு பயந்தாள்.

அவர் அதட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ சட்டையின் கழுத்துப் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"மெதுவா பேசினா புரியும்," என்றார். "பீஜிங்ல நாங்க ஏழெட்டு வங்காளிப் பசங்க ஒண்ணா தங்கியிருந்தோம். சமையல், அரட்டை எல்லாம் நம்ம பாஷைதான். நான் புத்தகம் படிப்பேன். பேசுறவங்க புத்தகம் மாதிரி பேசறதில்லையேம்மா."

அவருக்காக வருத்தப்படலாமா வேண்டாமா என்று அவள் தீர்மானிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. வெளியே வந்த சியேவிடம் நியோகி இரு கைகளையும் கூப்பிக் குனிந்து மாண்டரினில் ஏதோ சொன்னார். சியே பணிவாகப் புன்னகைத்து, ரோஸலினிடம் திரும்பி ஹக்காவில், இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

விருந்துக்குப் போகாமல் சியே விடுதி அறையிலேயே இருந்துவிட்டார். ரோஸலின் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்ல, அம்மா அண்ணனிடம் அரிசிக் கஞ்சியும் உப்பில் ஊறிய கடுகுக்கீரையும் கொடுத்தனுப்பினாள். சியே மூன்று கிண்ணம் குடித்தார். குடித்துத் தெம்பு வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். ரோஸலினின் ஹக்கா அவருக்கு வேடிக்கையாக இருந்ததாம். செத்துப்போன கிழவர்கள் பேசுகிற மாதிரி பேசுகிறாய், நடுநடுவே என்னவோ வருகிறது, அதென்ன சிட்கினி என்று கேட்டார்.

தாழ்ப்பாள் என்றாள் ரோஸலின், கையால் போட்டுக் காட்டினாள். அதைப் போய் சிட்கினி என்கிறாயே, அது எங்கே இருந்து வந்தது என்றார் சியே. அப்போதுதான் ரோஸலினுக்கு உறைத்தது. சிட்கினி வங்காளச் சொல். வீட்டில் பிறந்ததிலிருந்து கேட்ட சொல் என்பதால் இத்தனை காலமும் அது ஹக்கா என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

சியே அவள் கன்னத்தைத் தட்டினார். பரவாயில்லை, நீ வெளிநாட்டுக்காரிதானே, அதற்கு நன்றாகவே பேசுகிறாய் என்றார். அன்பாகத்தான் சொன்னார். பல்கலைக்கழகத்தில் நியோகியும், எப்போது திரும்பிப் போவாய் என்று அன்பாகத்தான் கேட்டிருந்தார். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம், இந்த அன்பானவர்களுக்கு நடுவில் கோபப்பட ஓர் ஆள்கூட அகப்படவில்லையே என்று ரோஸலினுக்கு எரிச்சலாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பையன் அவளுடைய டிராகனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மோமோ என்று கேலியாக நண்பனின் காதில் சொன்னான். இறங்கும் வரை அவனை வங்காளத்தில் திட்டித் தீர்த்தாள். கொஞ்சம் பாரம் குறைந்தது.

அதற்குப் பிறகு நியோகி அவளை முன்பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை. அப்படித்தானேம்மா என்று கேட்கவும் இல்லை. அவள் பிதிஷாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எல்லோரையும்போல முதலிலிருந்து படித்தாள். தப்பாகச் சொன்னால் அவர் எல்லோரையும் திருத்துவதுபோலத் திருத்தினார், அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. இரண்டாம் வகுப்பில் தேறினாள். ஹக்கா ஒலிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டாள். வாங்கிப் பார்க்கவில்லை.

பட்டம் முடித்ததும் ஊருக்கு வெளியே பாண்டலாவில் தோல் பைகள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதலாளி ஒரு பஞ்சாபி. குவாங்சோவிலிருந்து கொக்கி, ஜிப் எல்லாம் வரவழைக்கிற கம்பெனி. நேர்காணலில் அவர் அவள் முகத்தைப் பார்த்தார், சான்றிதழைத் திறக்கவே இல்லை. அந்தப் பக்கத்து ஆட்களோடு நீயே பேசிக்கொள் என்று சொல்லிவிட்டார்.

முதல் வாரம் ஜிப் தராத ஓர் ஆளைத் தொலைபேசியில் பிடித்தாள். நியோகி சொல்லிக்கொடுத்த மாண்டரினில், நிறுத்தி நிறுத்தி, புத்தகத்தில் இருப்பதுபோலவே பேசினாள். சரக்கு ஏன் தாமதம், எப்போது வரும், பழுதானவற்றுக்கு என்ன பதில். அந்த ஆள் கொஞ்சமும் அசரவில்லை. ஆனால் கடைசியில் வேலைப் பேச்சை முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். எங்கே சீனம் கற்றுக்கொண்டீர்கள்?

"கல்கத்தாவுல," என்றாள் ரோஸலின்.

"அதான் பாத்தேன்," என்றான் அவன். "போன வருஷம் உங்க ஊர்லேருந்து சக்ரவர்த்தின்னு ஒருத்தர் வந்தார். அவரும் இதே மாதிரிதான் பேசுவார். இந்தியாக்காரங்களுக்குனு ஒரு ராகம் இருக்கு."

அவள் தொலைபேசியை வைத்தாள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் யாரும் கேள்வி கேட்காமல் கொடுக்காத ஒன்றை, ஆளைப் பார்க்காத ஒரு சீனாக்காரன் போகிறபோக்கில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். எதிர்மேஜையில் இருந்த கணக்கர் கோஷ்பாபு, என்ன சமாச்சாரம், உங்க ஊர் ஆளு என்ன சொல்றான் என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை ஜிப் வந்துடுமாம் கோஷ்பாபு," என்றாள் ரோஸலின்.